மனைவி பிரிந்து எட்டு மாதம்: விவாகரத்து, குழந்தை, ஜீவனாம்சம் எல்லாம் எப்படி முடிவாகும்?

பெயர்வேண்டாம் எழுதியது:

வணக்கம். இங்கே நீண்ட நாளாக வாசிப்பவன், எழுதுவது இதுதான் முதல் முறை. திருமணமாகி ஆறு வருடம். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. எட்டு மாதத்துக்கு முன்னால் சண்டை முற்றிப்போய், மனைவி குழந்தையோடு அவருடைய அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். பெரியவர்கள் உட்கார்ந்து பேசியும் சரிவரவில்லை. போன வாரம் குடும்ப நல நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. தனக்கும் குழந்தைக்கும் மாதாமாதம் ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டிருக்கிறார்.

சொந்தத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அவராகவே போனதால் பைசா தர வேண்டியதில்லை என்கிறார் மாமா. அப்பாதான் சட்டப்படி கார்டியன், குழந்தையைக் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்கிறார் சித்தப்பா. நீ முந்திக்கொண்டு விவாகரத்துக்குப் போடு, மற்றதெல்லாம் தானாக விழுந்துவிடும் என்று அலுவலகத்தில் ஒருவர். எனக்குத் தலை சுற்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாங்கள் இந்து முறைப்படி மணந்தவர்கள். அவரும் படித்தவர், குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டார்.

வெட்டிப்பேச்சு எழுதியது:

சகோ, முதல் வேலையாக வேலையை ராஜினாமா செய்யுங்கள். சம்பளமே இல்லை என்றால் கோர்ட் எதிலிருந்து தரச் சொல்லும்? எனக்குத் தெரிந்தவர் அப்படித்தான் செய்தார். சம்மனையும் கையெழுத்துப் போட்டு வாங்காதீர்கள்.

மறுதரப்பு எழுதியது:

மேலே சொன்ன இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். நான் குடும்ப நல வழக்குகள் நடத்தும் வக்கீல். இந்த இரண்டு யோசனையையும் கேட்டுவிட்டு வந்து நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

சம்மனில் எம்.சி. என்று நம்பர் இருந்தால் அது பராமரிப்பு வழக்கு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆவது பிரிவு. நாங்கள் இன்னமும் 125 கேஸ் என்றுதான் சொல்கிறோம்.

உங்கள் சொந்தக்காரர்கள் மூன்று கேள்விகளை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். கோர்ட் அதைப் பிரித்துத்தான் பார்க்கும். விவாகரத்து மனுவில், சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்று நிரூபணமாகிறதா என்று பார்ப்பார்கள். குழந்தை விஷயத்தில் அப்பா நல்லவரா அம்மா நல்லவரா என்பது கேள்வியே அல்ல, குழந்தைக்கு எது நல்லது என்பதுதான் கேள்வி. ஜீவனாம்சத்தில் ஒருவருக்கு என்ன தேவை, இன்னொருவரால் எவ்வளவு முடியும் என்று பார்ப்பார்கள். விவாகரத்தில் ஜெயித்தவர் ஜீவனாம்சம் கட்டுவதும், ஜீவனாம்சம் கிடைக்காதவருக்குக் குழந்தை கிடைப்பதும் சாதாரணமாக நடக்கிறது.

"முந்திக்கொண்டு விவாகரத்து" என்ற யோசனைக்கு வருகிறேன். இந்து திருமணச் சட்டம், 1955. 13ஆவது பிரிவில் காரணங்கள் இருக்கின்றன. விட்டுப் பிரிந்துபோனதைக் காரணமாகக் காட்ட வேண்டுமானால், மனு போடும் நாளுக்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் பிரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு எட்டு மாதம்தான். கொடுமை என்ற காரணத்துக்குக் கால வரம்பு இல்லை, ஆனால் நிரூபிக்க வேண்டும். வீட்டில் வாய்ச்சண்டை, மாமியாரோடு ஒத்துப்போகவில்லை என்பதெல்லாம் அதற்குப் போதாது. சேர்ந்து வாழ்வதே முடியாத அளவுக்கு மனக் கொடுமை இருந்ததா என்று பார்ப்பார்கள். சமர் கோஷ் வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் உதாரணங்களாகவே ஒரு பட்டியல் போட்டிருக்கிறது. சாதாரணக் குடும்பச் சச்சரவு கொடுமை ஆகாது என்றும் அதிலேயே இருக்கிறது.

அப்புறம், விவாகரத்து மனு போட்டால் ஜீவனாம்ச மனு விழாது. விவாகரத்தே ஆன பிறகும், மறுமணம் செய்யாத வரை அவர் 125இல் மனைவிதான்.

பெயர்வேண்டாம் எழுதியது:

நன்றி சார். ஆனால் மாமா சொன்னது? காரணமில்லாமல் போன மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது என்கிறார்.

மறுதரப்பு எழுதியது:

இருக்கிறது. மாமா பாதி வரியைப் படித்திருக்கிறார். "போதிய காரணமின்றி" கணவரோடு வாழ மறுத்தால் என்றுதான் சட்டம் சொல்கிறது. காரணம் போதுமா போதாதா என்பதுதான் வழக்கே. உங்கள் மனைவி மனுவில் ஒரு காரணம் சொல்லியிருப்பார், அது இல்லை என்று நீங்கள் காட்ட வேண்டும். சிலர் இதற்காகவே இந்து திருமணச் சட்டம் 9ஆவது பிரிவில் சேர்ந்து வாழக் கேட்டு மனு போட்டு, தீர்ப்பும் வாங்கிக் கையில் வைத்திருப்பார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதையும் தெளிவாக்கிவிட்டது. சேர்ந்து வாழச் சொல்லித் தீர்ப்பு இருந்து, மனைவி அதற்குக் கட்டுப்படாமல் போனாலும், நியாயமான காரணம் இருந்தால் ஜீவனாம்சம் உண்டு.

இன்னொன்று, மாமா மறந்தது. அந்த விலக்கு மனைவிக்கு மட்டும்தான். குழந்தைக்கு அதெல்லாம் கிடையாது. அம்மா எந்தக் காரணத்துக்காகப் போயிருந்தாலும் நான்கு வயதுக் குழந்தைக்கு நீங்கள் செலவு செய்தே ஆக வேண்டும்.

பழைய சிரஸ்தார் எழுதியது:

தம்பி, நான் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சட்டத்தை வக்கீல் சார் சொல்லிவிட்டார். நடைமுறையை நான் சொல்கிறேன்.

சம்மனை வாங்காமல் இருந்தால் வழக்கு நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். வாங்க மறுத்தார் என்று குறித்து அனுப்புவார்கள். அடுத்தடுத்த வாய்தாவுக்கும் நீங்கள் வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்ச உத்தரவு. அவர்கள் கேட்ட தொகைக்கு எதிர்ப்பே இல்லை. அதை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் 125இல் அதற்கு மூன்று மாதம்தான், அதிலும் ஏன் வரவில்லை என்று நல்ல காரணம் காட்ட வேண்டும்.

முதல் நாளே எந்த வாதமும் நடக்காது. பெயர் கூப்பிடுவார்கள், ஆஜர் என்று சொல்ல வேண்டும், வக்காலத்து தாக்கல் ஆகும், கவுண்டர், அதாவது பதில் மனு போட வாய்தா கொடுப்பார்கள். அதற்கு நடுவில் கவுன்சிலரிடம் அனுப்புவார்கள். 1984ஆம் வருடத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டம், முதலில் சமரசத்துக்கு முயற்சி செய்ய வேண்டும் என்று நீதிபதிக்கே கடமையாகச் சொல்கிறது. பலரும் இதை ஒப்புக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். என் அனுபவத்தில் அந்த அறைதான் முக்கியம். சேர்ந்து வாழ மட்டும் அது இல்லை. குழந்தையை யார் எப்போது பார்ப்பது, பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது என்பதையாவது அங்கே பேசி முடித்தவர்கள் பாதிச் செலவோடு தப்பித்தார்கள்.

இரண்டு பேரும் சம்மதித்தால் வக்கீல் இல்லாமலும் பேசலாம். அந்தச் சட்டத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமை அல்ல, நீதிபதி அனுமதிக்க வேண்டும். நடைமுறையில் எல்லோரும் வைத்துக்கொள்கிறார்கள், அது வேறு விஷயம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வேலையை விடுங்கள் என்ற யோசனை பற்றி, கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை.

2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படிவம் கொடுத்தது. இரண்டு தரப்பும் சொத்து, கடன், வருமானம், செலவு எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும். நாடு முழுக்க எல்லா ஜீவனாம்ச வழக்குக்கும் இது பொருந்தும். வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, வைப்புத்தொகை, பங்கு, நகைக் கடன், வாடகை வருமானம், யாரெல்லாம் உங்களைச் சார்ந்திருக்கிறார்கள், எல்லாம் வரும். மனைவியும் இதே போல் தாக்கல் செய்ய வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது வேலையை விட்டவர் என்ன ஆவார்? வங்கிக் கணக்கில் சம்மன் வந்த மாதம் வரை சம்பளம் வந்திருக்கும், அடுத்த மாதம் நின்றிருக்கும். நான் உதவிக்குப் போன ஒரு வழக்கில் குறுக்கு விசாரணை இப்படித்தான் போனது. "இந்தத் தேதியில் நோட்டீஸ் வாங்கினீர்களா?" ஆமாம். "இந்தத் தேதியில் ராஜினாமா?" ஆமாம். "இடையில் எத்தனை நாள்?" பதில் இல்லை. "சம்பளமே இல்லாமல் கார் தவணை யார் கட்டுகிறார்கள்?" அப்பா. "அப்பாவுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?" அடுத்த தாளில், மகன் கணக்கிலிருந்து அப்பா கணக்குக்குப் போன தொகை மஞ்சள் மையில் கோடிட்டிருந்தது. நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். படிப்பு, வயது, முன்பு வாங்கிய சம்பளம் மூன்றையும் வைத்துச் சம்பாதிக்கும் திறனைக் கணக்கிட்டுவிட்டார்கள்.

உடல் நலமாக இருக்கும் கணவர் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. 2022இல் அஞ்சு கர்க் வழக்கிலும் அதே.

இன்னொரு தந்திரமும் எடுபடாது. சம்பளத்தில் தானாகக் கூட்டிப் பிடிக்கச் சொன்ன வைப்பு நிதி, வீட்டுக் கடன் தவணை எல்லாவற்றையும் கழித்துக் கைக்கு வருவது இவ்வளவுதான் என்று காட்டுவார்கள். வருமான வரி, கட்டாயப் பிடித்தம் போன்றவற்றைக் கழிப்பார்கள். நீங்களாகச் சேர்த்து வைப்பதும், உங்கள் பெயரில் சொத்து வாங்குவதும் மனைவி குழந்தைக்குப் பிறகுதான்.

வெட்டிப்பேச்சு எழுதியது:

அப்படியானால் 25 சதவீதம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே? சம்பளத்தில் கால் பங்கு என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது.

மறுதரப்பு எழுதியது:

2017இல் கல்யாண் டே சௌத்ரி வழக்கில், கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று சொன்னது உண்மை. அது ஓர் அளவுகோல், சூத்திரம் அல்ல. மனைவிக்கு வருமானம் இருந்தால் குறையும். குழந்தை, வாடகை, மருத்துவச் செலவு இருந்தால் கூடும். கணவர் வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் அதையும் பார்ப்பார்கள். திருமணம் எத்தனை வருடம் நீடித்தது, சேர்ந்திருந்தபோது எந்த வசதியில் வாழ்ந்தார்கள் என்பதும் கணக்கில் வரும். மறுபக்கமும் சொல்ல வேண்டும்: கணவர் பெரும் பணக்காரர் என்பதற்காக அவருடைய சொத்தில் சரிபாதி கேட்க முடியாது. சொத்தைச் சமன்படுத்துவது ஜீவனாம்சத்தின் வேலை அல்ல என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரேயடியாகத் தரும் ஜீவனாம்சத்துக்கு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அதே மாதம் இன்னொரு தீர்ப்பும் வந்தது.

மனைவி படித்தவர் என்பது மட்டும் போதாது. சம்பாதிக்க முடியும் என்பதும் சம்பாதிக்கிறார் என்பதும் வேறு வேறு. குழந்தையைப் பார்ப்பதற்காக வேலையை விட்டவர் என்றால் அதை நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

கூடவே ஒன்று. கணவரும் ஜீவனாம்சம் கேட்கலாம், இந்து திருமணச் சட்டம் 24, 25ஆவது பிரிவுகளில் கணவன், மனைவி இருவருக்கும் வழி இருக்கிறது. 125இல் மட்டும் கணவனுக்கு இடமில்லை.

நித்திலா எழுதியது:

எல்லோரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நான்தான் மகனைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டு வந்தவள். என்ன காரணம் என்பது இங்கே வேண்டாம்.

சகோதரரே, குழந்தையைக் "கேட்டு வாங்கிவிடலாம்" என்று உங்கள் சித்தப்பா சொன்னாரே, அந்த வார்த்தையைக் கோர்ட்டில் சொல்லிவிடாதீர்கள். 1956ஆம் வருடத்து இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தில் அப்பா இயற்கைக் காப்பாளர் என்று எழுதியிருப்பது உண்மை. அதே பிரிவில், ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம்தான் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. 13ஆவது பிரிவு இன்னும் தெளிவு, குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல். என் வக்கீல் முதல் நாளே சொன்ன விஷயம் இது: காப்பாளர் என்பது வேறு, குழந்தை யாரிடம் வளர்கிறது என்பது வேறு.

எங்கள் வழக்கில் மகன் என்னிடம், அப்பா பார்ப்பதற்கு இடைக்கால உத்தரவு. ஆரம்பத்தில் சனிக்கிழமை காலை கோர்ட் வளாகத்திலேயே குழந்தைகளுக்கான அறையில் பார்க்க வேண்டும். சுவரில் வரைந்த யானை, ஒரு சக்கரம் உடைந்த மூன்று சக்கர சைக்கிள், வாசலில் கையெழுத்துப் போடும் நோட்டு. முதல் வாரம் மகன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் அப்பா பேன்ட் அழுக்காவதைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து, மேசைக்கு அடியில் ஒரு பொம்மைப் பேருந்தை உருட்டிவிட்டார். அது திரும்பி வரவில்லை. மறுபடி ஒன்றை உருட்டினார். நேரம் முடியப்போகும்போது ஒரு பேருந்து திரும்பி வந்தது. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது, இன்னும் இருக்கிறது. ஆனால் அடுத்த தடவை பார்க்கும் நேரத்தைக் கூட்டிக் கேட்டபோது நான் ஆட்சேபம் சொல்லவில்லை.

பெயர்வேண்டாம் எழுதியது:

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை அக்கா. மகளைப் பார்த்து நான்கு மாதம் ஆகிறது. போனில்கூடக் கொடுப்பதில்லை. அவர்கள் குழந்தையைக் காட்டாதபோது நான் மட்டும் ஏன் பணம் அனுப்ப வேண்டும் என்று தோன்றுவது தவறா? பள்ளி வாசலில் போய்ப் பார்க்கலாமா என்றும் யோசித்தேன்.

நித்திலா எழுதியது:

போகாதீர்கள். வாசலில் அழுகையும் கூச்சலுமாகிவிட்டால் அதுவே அடுத்த மனுவில் ஒரு பத்தியாக வரும். தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் ஆட்கொணர்வு மனு வரைக்கும் போகும்.

மறுதரப்பு எழுதியது:

தோன்றுவது இயல்பு, செய்யக் கூடாது. பணம் தரவில்லை என்று குழந்தையைக் காட்டாமல் இருப்பதும், குழந்தையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் இரண்டுமே நீதிமன்றத்தில் எடுபடாது. இரண்டுக்கும் தனித்தனி வழி இருக்கிறது.

உங்கள் வழி இது. காப்பாளர் மற்றும் சிறார் சட்டம், 1890. குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில் மனு. விவாகரத்து மனு ஏற்கனவே நிலுவையில் இருந்தால் இந்து திருமணச் சட்டம் 26ஆவது பிரிவில் அங்கேயே கேட்கலாம். குழந்தை முழுதாக வேண்டும் என்று கேட்பதைவிட, இந்த வயதில் பார்க்கும் உரிமையைத் தெளிவாகக் கேளுங்கள். 2020இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு பெற்றோரிடம் குழந்தை இருந்தாலும் மற்றவரோடு தொடர்பு அறுந்துவிடக் கூடாது, நேரில் பார்ப்பது போக வீடியோ அழைப்புக்கும் வழி செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள்.

ஐந்து வயதானதும் குழந்தை அப்பாவிடம் வந்துவிடும் என்று சிலர் காத்திருப்பார்கள். அப்படி எதுவும் இல்லை. குழந்தையின் வயது, பாலினம், பழகிய சூழல், பள்ளி, பெற்றோரின் குணம், நேரம், வீட்டில் கூட இருப்பவர்கள் என்று பலவும் பார்ப்பார்கள். விவரம் தெரிந்த வயதானால் நீதிபதி தன் அறையில் குழந்தையோடு தனியாகப் பேசுவார். சொல்லிக்கொடுத்துப் பேச வைத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பணம் அதிகம் உள்ளவருக்குத்தான் குழந்தை என்பதும் கிடையாது. பணக் குறையை ஜீவனாம்ச உத்தரவால் சரிசெய்ய முடியுமே!

இந்த உத்தரவுகள் எதுவும் நிரந்தரமல்ல. சூழ்நிலை மாறினால் மாற்றக் கேட்கலாம். சட்ட ஆணையம் 2015இல் தன் 257ஆவது அறிக்கையில் இருவரும் சேர்ந்து வளர்க்கும் முறையைச் சட்டத்தில் கொண்டுவரப் பரிந்துரைத்தது. சட்டம் இன்னும் மாறவில்லை, ஆனால் இருவரும் ஒத்துக்கொண்டு கேட்டால் நீதிமன்றங்கள் அப்படியும் உத்தரவு போடுகின்றன.

ரஹ்மத் எழுதியது:

இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். இதெல்லாம் இந்துக்களுக்கு மட்டுமா? என் தங்கைக்கு இத்தாவோடு, அதாவது விவாகரத்துக்குப் பிந்தைய காத்திருப்புக் காலத்தோடு முடிந்தது, அதன் பிறகு எதுவும் கேட்க முடியாது என்கிறார்கள்.

மறுதரப்பு எழுதியது:

இல்லை சகோதரி. 125 எல்லா மதத்தவருக்கும் பொது. 1985இல் ஷா பானு வழக்கு, அடுத்த வருடம் வந்த சட்டம், 2001இல் டேனியல் லத்தீஃபி என்று இது நீண்ட கதை. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் 125இல் கேட்கலாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டது. குழந்தைகளுக்கு எப்போதுமே தடை இல்லை. தங்கையை அருகிலுள்ள கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அழைத்துப்போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் வருடத்து விவாகரத்துச் சட்டம், பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு 1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். விவாகரத்துக்கான காரணங்களும் கால அளவும் கொஞ்சம் மாறும், குழந்தையின் நலன் என்ற அளவுகோல் மாறாது.

வெட்டிப்பேச்சு எழுதியது:

சரி, நான் வாயை மூடிக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று. உத்தரவு போட்டாலும் கட்டாமல் இருந்தால் ஒரு மாதம் ஜெயில்தானே? போய்விட்டு வந்தால் கணக்கு முடிந்தது.

பழைய சிரஸ்தார் எழுதியது:

முடியாது. பாக்கி வைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை. உள்ளே போய் வந்தாலும் பாக்கி பாக்கிதான். சிறை என்பது கட்ட வைக்கும் வழி, கட்டியதற்குச் சமம் அல்ல என்று 1988இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்பளத்திலிருந்து பிடிக்கச் சொல்லியும் உத்தரவு வாங்கலாம். ஆனால் பெண்கள் பக்கம் கவனிக்க வேண்டியது, பாக்கி சேர்ந்த ஒரு வருடத்துக்குள் வாரண்டு கேட்டு மனு போட வேண்டும். நாள் தவறவிட்டு வந்து அழுதவர்களும் உண்டு.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வாய்தா வாங்கி இழுத்தாலும் லாபமில்லை. ரஜ்னேஷ் தீர்ப்புக்குப் பிறகு ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு. மாதம் 15,000 என்று உத்தரவாகி, அதற்கு 20 மாதம் ஆகியிருந்தால் அன்றைக்கு 3 லட்சம் ஒரே தொகையாகத் தலையில் விழும்.

பெயர்வேண்டாம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு விஷயம் கேட்கிறேன். அவரும் சேர்ந்து வாழ விரும்பவில்லை என்று தங்கை மூலமாகத் தெரிகிறது. பரஸ்பர சம்மதத்தில் போவதென்றால் எப்படி? அப்புறம், சண்டையின்போது நான் போனில் பதிவு செய்து வைத்த பேச்சு சில இருக்கிறது. அதை இப்போதே கொடுக்கலாமா?

மறுதரப்பு எழுதியது:

பரஸ்பர சம்மதம் என்றால் 13பி பிரிவு. குறைந்தது ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. முதல் மனு போட்ட பிறகு ஆறு மாதம் பொறுத்து இரண்டாம் முறை ஆஜராகி, சம்மதம் மாறவில்லை என்று இருவரும் சொல்ல வேண்டும், பதினெட்டு மாதத்துக்குள். அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு மொத்தம் ஒன்றரை வருடப் பிரிவு ஏற்கனவே முடிந்திருக்க வேண்டும், சமரசம் தோற்றிருக்க வேண்டும், பணம், குழந்தை எல்லாம் பேசி முடித்திருக்க வேண்டும். இரண்டாம் முறை ஆஜராகும் வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் ஒப்பந்தத்தை நன்றாக எழுதுங்கள். எந்தத் தொகை எந்தத் தேதியில், நகை எப்போது திரும்பும், குழந்தையை எந்தக் கிழமை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கோடை விடுமுறையில் எப்படி, பாஸ்போர்ட் எடுக்க யார் கையெழுத்து, எல்லாம் வேண்டும். "வசதிப்படி பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதியவர்கள்தான் மறுபடி வழக்கு போடுகிறார்கள். குழந்தைக்கு இனி எதுவும் கேட்க மாட்டோம் என்று மனைவி எழுதிக் கொடுத்தாலும் அது குழந்தையைக் கட்டுப்படுத்தாது. குழந்தையின் உரிமையை அம்மா விட்டுக்கொடுக்க முடியாது.

கல்யாணம் செத்துப்போய்விட்டது என்பதை மட்டும் காரணமாகக் காட்டி ஒருவர் மட்டும் விவாகரத்து வாங்க முடியுமா என்றால், குடும்ப நல நீதிமன்றத்தில் முடியாது. 2023 மே மாதம் ஷில்பா சைலேஷ் வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்ன அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உரியது.

பதிவு செய்த பேச்சு: கணவன் மனைவி வழக்கில் ரகசியமாகப் பதிவு செய்ததையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் முழுதாகப் போட்டுக் கேட்டீர்களா? அதில் உங்கள் குரலும் இருக்கும். வக்கீலைத் தவிர யாருக்கும் அனுப்பாதீர்கள், சொந்தக்காரர்கள் குழுவில் நிச்சயம் வேண்டாம்.

நெறியாளர்:

இழை நல்லபடியாகப் போகிறது. சம்மன் நகல், வழக்கு எண், குழந்தையின் பெயர், பள்ளி எதையும் இங்கே பதிவிட வேண்டாம். ஒருவர் படம் போட்டிருந்தார், நீக்கிவிட்டோம்.

பெயர்வேண்டாம் எழுதியது:

நாளை வக்கீலைப் பார்க்கிறேன். உத்தரவு வருவதற்கு முன்னாலேயே குழந்தைக்குப் பணம் அனுப்பினால், தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமா? மாமா அப்படித்தான் சொல்கிறார்.

மறுதரப்பு எழுதியது:

ஆகாது. இன்றைக்கே அனுப்புங்கள். கையில் கொடுக்காமல் மனைவியின் வங்கிக் கணக்குக்குப் போடுங்கள், குறிப்பில் "மகள் பராமரிப்பு" என்றும் மாதத்தின் பெயரும் எழுதுங்கள். பிறகு உத்தரவாகும் தொகையில் அதைக் கழிக்கக் கேட்கலாம். நான்கு மாதமாக ஒன்றுமே அனுப்பாத அப்பா பார்க்கும் உரிமை கேட்டு நிற்பதும், அனுப்பிக்கொண்டிருக்கும் அப்பா கேட்டு நிற்பதும் ஒன்றல்ல.

பழைய சிரஸ்தார் எழுதியது:

தம்பி, பார்க்கும் உரிமைக்கு மனு போடும்போது "வாரம் ஒருமுறை" என்று மட்டும் கேட்காதே. கிழமை, நேரம், இடம், யார் கொண்டுவந்து விடுவது, யார் திரும்பக் கூட்டிப்போவது என்று எழுதிக் கேள். வீடியோ அழைப்புக்கும் நேரம் குறித்துக் கேள். குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்துக் கேட்டுவிடாதே. சம்மனில் போட்டிருக்கும் தேதியில் காலை பத்து மணிக்கே போய்விடு, பெயர் எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது.